எடைமேடை இல்லாத சுமை

வீடு தேடிப் போகும் செவிலியர் ஒருவரால் எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும்? தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிறந்த மாவட்டத்திலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்குவோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாலைகளில் கிரானைட் கல் ஏற்றிப் போகும் லாரிக்கு எடை வரம்பு உண்டு. எத்தனை அச்சுக்கு எத்தனை டன் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடலாம். ஓசூர் சிப்காட்டில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும் வரம்பு உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கோடு கிழித்தது. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக அரசு அறிவித்தது. உழைக்கும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை இந்தத் தொழில் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதே வட்டாரத்தில், சாமல்பட்டியிலோ தளியிலோ, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நிற்கும் செவிலியரின் சுமையை நிறுத்துப் பார்க்க எந்த எடைமேடையும் இல்லை. அவருடைய பட்டியலில் இன்று அறுபது பெயர் இருக்கலாம். ஆறு மாதத்தில் அது நூறாகலாம். இதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று சொல்ல ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தலைக்கணக்கில் வகுக்காமல் மணிக்கணக்கில் வகுக்க வேண்டும். இந்தக் கட்டுரை வாதிடுவது இதற்காகத்தான்.

இந்த மண்ணில் தொடங்கிய திட்டம்

2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி வைக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, இயன்முறை சிகிச்சை, படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் என்று பல சேவைகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த திட்டம் அது. மாத்திரை கொடுக்கும் வேலை சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதார தன்னார்வலர்களிடம் சென்றது. நோய் ஆதரவு சிகிச்சைக்கு, வட்டாரத்துக்கு, அதாவது ஊராட்சி ஒன்றியத்துக்கு, ஒரு செவிலியர், ஓர் இயன்முறை சிகிச்சையாளர், அவர்கள் சென்றுவர ஒரு வாகனம் என்பது திட்டத்தின் அடிப்படை வடிவம்.

திட்டம் பலன் தந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இவை 17 சதவீதம், 16.7 சதவீதம் என உயர்ந்தன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது. இந்தக் கட்டுரை எழுப்பும் கேள்வி திட்டத்தைக் குறைத்துப் பேசுவதற்கானது அல்ல. வெற்றி பெற்ற திட்டம் என்பதால்தான், அதை முதுகில் சுமப்பவர்களின் நிலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சிக்கல் எண்ணும் முறையில் இருக்கிறது. திட்டம் தன் வளர்ச்சியைப் பயனாளிகளின் எண்ணிக்கையால் அளக்கிறது. 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது பெருமையோடு கொண்டாடப்பட்டது. மாத்திரை வழங்கும் வேலைக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். ஒரு வீட்டில் மாத்திரை கொடுத்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர ஆகும் நேரம் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாது. படுக்கைப்புண் அப்படிப்பட்டதல்ல. இடுப்பெலும்பு தெரியும் அளவுக்கு ஆழமான புண்ணைக் கழுவி, செத்த சதையை நீக்கி, டிரெஸ்ஸிங் செய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். அதே நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருக்கும். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றும் மகளுக்கு, தலையை எவ்வளவு உயர்த்தி வைக்க வேண்டும் என்று காட்டித்தர வேண்டியிருக்கும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எடுப்பவருக்கு அது எத்தனை மணிக்கு ஒருமுறை, மலச்சிக்கல் வந்தால் என்ன செய்வது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கடைசியில், ‘இன்னும் எத்தனை நாள் சிஸ்டர்?’ என்று வாசல்வரை வந்து தாழ்ந்த குரலில் கேட்கும் மனைவிக்கும் ஒரு பதில் வேண்டும். பதிவேட்டில் இத்தனையும் சேர்ந்து ‘ஒன்று’. சர்க்கரை அளவு பார்த்துவிட்டு வந்த அடுத்த வீடும் ‘ஒன்று’.

ஒரு நாளின் கணக்கு

ஒரு நாளை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். வேலை நேரம் எட்டு மணி, அதாவது 480 நிமிடம். வீட்டுக்குச் சராசரியாக 40 நிமிடம் என்று ஆறு வீடுகளுக்கு 240 நிமிடம். ஒவ்வொரு பயணமும் 20 நிமிடம் என்று வைத்தால், போய்த் திரும்புவதையும் சேர்த்து ஏழு பயணத்துக்கு 140 நிமிடம். பையைத் தயார் செய்யவும் பதிவேடு எழுதவும் செயலியில் ஏற்றவும் ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கு 40 நிமிடம். நாள் முடிந்துவிட்டது. கூட்டங்களும் பயிற்சிகளும் போக மாதத்தில் 20 நாள் களத்துக்குப் போகலாம் என்றால், மாதம் 120 வீட்டு வருகை. நோயாளிக்கு மாதம் இருமுறை என்றால் 60 பேர். எந்தத் தடங்கலும் வராத நல்ல மாதத்தின் கணக்கு இது.

இனி தேவைப் பக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18.8 லட்சம் பேர். அதில் கிராமப்புறத்தில் மட்டும் சுமார் 14.5 லட்சம். மாவட்டத்தில் பத்து ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு சராசரியாக 1.45 லட்சம் கிராமப்புற மக்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் வீட்டில் வந்து பார்க்கும் சிகிச்சை தேவை என்று மிகச் சிக்கனமாக வைத்துக்கொண்டால்கூட, ஒன்றியத்துக்கு 145 பேர். 60 பேரைப் பார்க்கக்கூடிய ஒரு செவிலியரின் முன் 145 பேர். எல்லோரையும் மாதம் இருமுறை பார்த்தே தீர வேண்டும் என்றால் நாளுக்கு 14 அல்லது 15 வீடு. பயணத்தை 15 நிமிடமாகச் சுருக்கினாலும் வீட்டுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் பார்க்கலாம். புண்ணைக் கழுவ முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுதோறும் நோய் ஆதரவு சிகிச்சை தேவைப்படுவோர் 5.68 கோடி பேர். அது கிடைப்பதோ சுமார் 14 சதவீதத்தினருக்கு. அந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதை ஓர் ஒன்றியத்தின் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

சராசரி மறைக்கும் இன்னொன்று தூரம். 5,143 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டத்தைப் பத்தால் வகுத்தால், ஒன்றியத்துக்கு ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். சாமல்பட்டி சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில் உள்ள ஊர். ஊத்தங்கரைச் சமவெளியில் வாகனம் கிடைத்தால் ஊர்களைச் சுற்றி வந்துவிடலாம். கெலமங்கலம் ஒன்றியத்துப் பெட்டமுகிலாளம் மலையிலும் தளிப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலும் யானை நடமாட்டத்தைப் பார்த்துத்தான் பயண நேரத்தையே வகுக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் போனால் மொழியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம், அதற்கடுத்து உருது. வலி எங்கே, எப்படி வலிக்கிறது என்பதை நோயாளியின் மொழியில் கேட்டு வாங்க நேரம் பிடிக்கும். சமவெளிக்கும் மலைக்கும், ஒருமொழி ஊருக்கும் மும்மொழி ஊருக்கும் ஒரே இலக்கு வைப்பது நியாயமல்ல.

இந்த நியாயத்தை அரசு புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. தூரமும் ஒரு சுமை என்பதைக் கட்டடத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள், அந்தத் தூரத்தைக் கடக்கும் செவிலியருக்கு ஒப்புக்கொள்ளக் கூடாதா?

சுமை கூடினால் நோயாளிக்கு என்ன ஆகும்

இது பணியாளர் நலன் பற்றிய பேச்சு மட்டும் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2002இல் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் செய்த ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியர் ஒருவருக்கு நோயாளி ஒருவர் கூடுதலாகச் சேரும்போது, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது; செவிலியர் உள்ளம் சோர்ந்து வெறுத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் உயர்ந்தது. அது மருத்துவமனை ஆய்வு, அதுவும் வேறொரு நாட்டில். அந்த எண்களை அப்படியே தூக்கிவந்து ஊத்தங்கரையில் வைக்க முடியாது. ஆனால் காரணம் பொருந்துகிறது. நேரம் குறையும்போது முதலில் அடிபடுவது கவனிப்பு: குதிகாலில் புதிதாகச் சிவந்திருக்கும் தோல், நேற்றைவிடச் சற்றே கலங்கிய சிறுநீர், பேச்சில் ஒரு தடுமாற்றம். வார்டில் ஒருவர் கவனிக்கத் தவறியதை அடுத்த ஷிப்ட்டில் வருபவர் பார்த்துவிடலாம். வீட்டில் அடுத்த கண் வர இரண்டு வாரமாகும். அதற்குள் சிவந்த தோல் புண்ணாகிவிடும்.

இந்தத் தொழில் வட்டாரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் ஆலைகளுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடுகின்றன. மகன் ஒரு ஷிப்ட், மருமகள் இன்னொரு ஷிப்ட். பக்கவாதத்தில் விழுந்த கணவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, முழங்கால் வலியோடு இருக்கும் வயதான மனைவியின் பொறுப்பாகிவிடுகிறது. பெரிய சிகிச்சை என்றால் குடும்பங்கள் தருமபுரிக்கும் சேலத்துக்கும் மட்டுமல்லாமல் பெங்களூருக்கும் போகின்றன. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் நிமான்ஸும் எல்லைக்கு அப்பால் ஓரிரு மணி நேரத் தொலைவில்தான். அங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருபவர் கையில் ஒரு கோப்பு இருக்கும். ஆனால் அவர் வீடு திரும்பிய செய்தி இங்குள்ள செவிலியருக்கு முறைப்படி வந்து சேர வழியில்லை. தன்னார்வலர் தெருவில் போகும்போது யாராவது சொன்னால்தான் உண்டு. ஆகவே செவிலியரின் பட்டியலில் இருப்பது கண்ணில் பட்ட சுமை மட்டுமே. கண்ணில் படாத சுமையும் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.

வேறு இடங்களில் எப்படிச் செய்தார்கள்

வீடு தேடிச் செல்லும் செவிலியம் தொடங்கியபோதே வரம்பும் கூடவே பிறந்தது. 1859இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர் கண்ட துயரம் தாங்காமல் ஒரு மாதத்திலேயே தன்னை விடுவிக்கச் சொன்னதாகவும், பின்பு மனம் தேறித் தொடர்ந்ததாகவும் வரலாறு சொல்கிறது. அதன்பின் ராத்போன் பயிற்சிப் பள்ளிக்கு வழி செய்தார்; நகரம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆங்கிலேயர் இன்றும் வீட்டுச் செவிலியரை ‘வட்டாரச் செவிலியர்’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். வட்டம் என்றால் எல்லை. பெயரிலேயே எல்லை இருக்கிறது.

நெதர்லாந்தில் 2006இல் யோஸ் டி பிளாக் தொடங்கிய பூர்ட்ஸோர்க் அமைப்பு, 12 பேருக்கு மேற்படாத செவிலியர் குழுக்களைக் கொண்டு இயங்குகிறது. யாருக்கு எத்தனை நோயாளி, யார் எப்போது விடுப்பு எடுப்பது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்கிறது. பணக்கார நாட்டுக் கதை என்று தோன்றினால், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி மற்றும் நோய் ஆதரவு சிகிச்சைச் சங்கம் ஒரு மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது. அங்கே வீட்டுச் செவிலியர் உள்ளாட்சி அமைப்போடு இணைக்கப்பட்டிருக்கிறார். கிராம ஊராட்சி அளவில் செவிலியர் இருக்கிறார், அவரோடு பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் போகிறார்கள். கேரளத்துக் கிராம ஊராட்சி பெரியது, பல்லாயிரம் பேர் வாழ்வது. அப்படிப் பார்த்தாலும் ஒன்றரை லட்சம் பேருக்கு ஒருவர் என்ற நிலைக்கும் அதற்கும் பெரிய தூரம் இருக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு பணம். செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டினால் சம்பளச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் இப்போது செலவே இல்லை என்று நினைப்பது தவறு. செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தடுக்கக்கூடிய படுக்கைப்புண் சீழ் வைத்து ரத்தத்தில் கிருமி கலந்தால், அது மருத்துவமனைப் படுக்கையாகவும் ஆம்புலன்ஸ் வாடகையாகவும் மகனின் சம்பளம் போன நாட்களாகவும் மாறுகிறது. அரசு கொடுக்காத ஒவ்வொரு ரூபாயையும் அந்தக் குடும்பம் வட்டியோடு கொடுக்கிறது. செவிலியக் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. படித்து முடித்தவர்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். தாங்கக்கூடிய வேலையும் நிலையான ஊதியமும் இருந்தால் அவர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே நிற்பார்கள்.

இரண்டாவது மறுப்பு மனசாட்சியைத் தொடுவது: வரம்பு வைத்தால், வரம்புக்கு வெளியே நிற்கும் நோயாளி என்ன ஆவார்? இதுதான் வலுவான மறுப்பு, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியதும் இதுதான். அவர் இப்போதும் வெளியேதான் நிற்கிறார். மாதத்துக்கு இருமுறை பத்துப் பத்து நிமிடம் என்பது கைவிடுதலுக்கு இன்னொரு பெயர். பதிவேட்டில் ‘சேவை பெற்றார்’ என்று எழுதிவிடுவதால் அந்தக் கைவிடுதல் வெளியே தெரிவதில்லை. வரம்பு வைத்து, மீதிப் பெயர்களைக் காத்திருப்போர் பட்டியலாக எழுதினால், இந்த ஒன்றியத்தில் இன்னும் இத்தனை பேருக்கு ஆள் இல்லை என்ற உண்மை மாவட்ட ஆட்சியரின் மேசைக்குப் போகும். இரண்டாவது செவிலியரைக் கேட்க அந்தப் பட்டியலைவிட வலுவான ஆவணம் கிடையாது. அதுவரை பட்டியலில் இருப்பவர்களை நோயின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தலாம். முதலில் வந்தவருக்கே முதலிடம் என்று இருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, தன்னார்வலர்களிடம் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்பது. ஓரளவு முடியும், செய்யவும் வேண்டும். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புகிறார்களா, தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல அவர்களால் முடியும். ஆனால் திட்டம் தொடங்கும்போது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சேர்ந்த பெண்களிடம் குழாய் மாற்றும் வேலையையும் மார்ஃபின் கணக்கையும் ஒப்படைக்க முடியாது. பயிற்சியும் ஊதியமும் கொடுக்காமல் வேலையை மட்டும் கீழே தள்ளினால், களைத்துப்போன ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றியதாகத்தான் ஆகும்.

நான்காவது, திறமை பற்றியது. திட்டமிட்டு வேலை செய்தால் எல்லோரையும் பார்த்துவிடலாம் என்பார்கள். திட்டமிடல் பயன் தரும் என்பதில் ஐயமில்லை. ஒரே திசையிலுள்ள ஊர்களை ஒரே நாளில் சேர்ப்பது, கிளம்பும் முன் போன் செய்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பது, மறுநாளைக்கான பையை முந்தின நாள் மாலையே அடுக்குவது, வீட்டிலேயே பதிவை முடித்துவிட்டு எழுவது: இவையெல்லாம் நாளுக்கு ஒரு வீட்டைக் கூட்டித் தரலாம். ஆறு வீட்டை ஏழாக்கும், பதினைந்தாக்காது. 145 பேருக்கும் 60 பேருக்கும் இடையிலுள்ள பள்ளத்தை ஒருவரின் சுறுசுறுப்பைக் கொண்டு நிரப்பச் சொல்வது, பழியை அமைப்பிலிருந்து ஆளுக்கு மாற்றுவதாகும். ‘சேவை மனப்பான்மை’ என்ற சொல்லும் இப்படித்தான் பயன்படுகிறது. சேவை என்று வாழ்த்தப்படும் வேலைக்கு மணிக்கணக்கும் மாற்று ஆளும் கேட்பது அந்தச் சேவையைச் சிறுமைப்படுத்தாது. அது நாளையும் நடக்க வேண்டும் என்ற அக்கறையிலிருந்து வருவது.

செய்ய வேண்டியவை

முதல் மாற்றம் பதிவேட்டில். ஒவ்வொரு நோயாளிக்கும் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று செவிலியரும் வட்டார மருத்துவ அலுவலரும் சேர்ந்து எழுத வேண்டும். ஆழமான புண்ணும் குழாயும் உள்ளவருக்கு வாரம் இருமுறை ஒரு மணி நேரம் என்றால் மாதத்துக்கு எட்டு மணி. நிலை சீராக இருக்கும் பக்கவாத நோயாளிக்கு மாதம் இருமுறை அரை மணி என்றால் ஒரு மணி. பயணத்தையும் பதிவு வேலையையும் அதே தாளில் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை செவிலியரின் மாத வேலை நேரத்தைத் தொட்டதும் பட்டியல் நிறைந்துவிட்டது என்று பொருள். இதற்குப் புதிய செயலி தேவையில்லை. இருக்கும் செயலியில் ஒரு கட்டம் போதும்.

இரண்டாவது, காத்திருப்போர் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டிய ஒன்றியங்களுக்கு இரண்டாவது செவிலியர். தளி, கெலமங்கலம் போன்ற மலை ஒன்றியங்களுக்கு முன்னுரிமை. இருவர் இருந்தால் விடுப்பு நாளில் நோயாளி அனாதையாகமாட்டார். ஒரு மரணத்தின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவும் ஆள் இருக்கும். மூன்றாவது, மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் படுக்கை நோயாளியின் விவரம் அவருடைய ஒன்றியத்துச் செவிலியருக்கு அன்றே போக வேண்டும்; தருமபுரி, சேலம் அரசு மருத்துவமனைகளில் தொடங்கி, பெங்களூர் மருத்துவமனைகளோடும் இதைப் பேசி முடிக்கலாம். நான்காவது, குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வருகையை ஷிப்ட் நேரம் பார்த்து வைக்க வேண்டும். திருப்பிப் படுக்க வைக்கத் தெம்புள்ள மகன் வீட்டில் இருக்கும்போது சொல்லிக்கொடுத்தால்தான் அது கைக்கு வரும். ஐந்தாவது, தனியாகப் போகும் பெண்ணின் பாதுகாப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் செல்லும் இடத்தையும் அதற்காக வேலை தருபவர் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தையும் பணியிடம் என்றே கருதுகிறது. நோயாளியின் வீடும் அதில் அடங்கும் என்பதைச் செவிலியருக்கும் தன்னார்வலருக்கும் எழுத்தில் தர வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரிய கட்டடம் கேட்கவில்லை. முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை. பத்து ஒன்றியங்களிலும் ஒரு மாதம் மணிக்கணக்கில் பதிவு செய்து பார்த்தால், எந்தச் செவிலியரின் மேல் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்பது முதன்முறையாகத் தெரிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் போகலாம் என்று மாநிலத்துக்குச் செய்து காட்டிய மாவட்டம் இது. மருத்துவத்தை எடுத்துக்கொண்டு போகிறவரால் எவ்வளவு சுமக்க முடியும் என்பதையும் இந்த மாவட்டமே முதலில் நிறுத்துப் பார்க்கட்டும்.